கடைசி பஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் எட்டு ஆண்கள் அரை டிராயரோடு நின்றால், பார்ப்பவர்கள் மூன்று விதமாக நினைப்பார்கள். ஒன்று, போலீஸ் செலக்‌ஷன். இரண்டு, ஏதோ வேண்டுதல். மூன்று, வீட்டில் சண்டை. டீக்கடைக்காரர் மூன்றாவதைத்தான் நம்பினார். "என்ன ஸார், இன்னிக்கும் வெளிய அனுப்பிட்டாங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத்தான் கிளாஸைக் கழுவவே ஆரம்பிப்பார்.

ஓடப் போகிறோம் என்று சொன்னோம்.

"யாரு துரத்தறாங்க?"

"யாரும் துரத்தலை. ரேஸு. காசு கட்டி ஓடறோம்."

"ஓடறதுக்கு நீங்க காசு குடுக்கறீங்களா, அவங்க குடுக்கறாங்களா?"

"நாங்கதான்."

"சரி, ஜெயிச்சா?"

"ஜெயிக்க மாட்டோம்."

அன்றிலிருந்து எங்கள் டீயில் மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாக விழுகிறது. பரிதாபம்தான், வேறென்ன.

எங்கள் கோஷ்டிக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பேனர் அடிக்க வேண்டும். பேனர் அடித்தால் அதில் யார் போட்டோ பெரிசு என்று அடிதடி வரும். எனவே வெறும் கோஷ்டி. சிப்காட்டில் டூல் ரூமில் இருக்கும் ஒரு அண்ணன். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். ரிடையர் ஆக ஐந்து வருஷம் பாக்கி இருக்கும் பேங்க் காஷியர் ஸார். பாகலூர் ரோட்டில் ரோஜா போட்டிருக்கும் அண்ணன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸாக இருக்கும் ஒரு தம்பி. ஷிப்டைப் பொறுத்து வந்து போகும் இரண்டு பேர். அப்புறம் நான். பி.காம். என்பதால் ஓட்டத்தில் எந்த இடம் வந்தாலும் கணக்கு நோட்டு மட்டும் என் கையில்தான்.

ஷிப்ட் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் ஓடுகிறவர் ஆறு மணிக்கு எழுந்து பீச்சில் ஓடுவார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சி ஷிப்ட் முடித்து, கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு, கண் சிவக்க அப்படியே வந்து ஓடுவார்கள். தூங்கி எழுந்து ஓடுவது ஒரு ஜாதி, தூங்காமல் ஓடுவது இன்னொரு ஜாதி. இரண்டாவது ஜாதியைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது. ஒருநாள் ஒருவர் ஓடிக்கொண்டே தூங்கி, நேராக ஒரு மினி பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ் வந்திருந்தால் ஏறியும் இருப்பார்.

ஆனால் ஊர் இருக்கிறதே, ஓடுவதற்கென்றே செய்த ஊர். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. பெங்களூரும் ஏறக்குறைய அதே உயரம்தான், அவர்கள் மட்டும்தான் அலட்டிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் ரோடுகள் லாரி இல்லாமல், லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி கிடக்கும். ஏற்றம் பழக சந்திரசூடேஸ்வரர் மலைப்படிகள் இருக்கின்றன. தூரம் வேண்டுமென்றால் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். அங்கே மட்டும் மூக்கை மூடிக்கொண்டு ஓட வேண்டிய நாட்கள் உண்டு. நந்தி மலையில் புறப்படும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, நம் எல்லைக்குள் நுரையாக வந்து இறங்குகிறது. மதகுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று, யாரோ ஊர் முழுசுக்கும் ஷேவிங் க்ரீம் போட்ட மாதிரி. வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து 'ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கு' என்று செல்ஃபி எடுத்தார். மோந்து பார்த்த பிறகு அழித்துவிட்டார்.

ஐம்பது கிலோமீட்டர் கீழே இறங்கினால் கிருஷ்ணகிரி. உயரம் சுமார் 500 மீட்டர்தான். அங்கே காலை ஏழு மணிக்கே சூரியன் ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். குளிரில் பழகிய ஓசூர்க்காரன் அணை ரோட்டில் எட்டாவது கிலோமீட்டரில் ஒரு மாந்தோப்பைப் பார்த்தால், காய்க்க வந்தவன் மாதிரி அங்கேயே நின்றுவிடுவான்.

இந்த எல்லையில் ஓடுவதில் ஒரு மொழிப் பிரச்னை உண்டு. அத்திப்பள்ளி தாண்டி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போயிருந்தோம். ஆறாவது கிலோமீட்டரில் தண்ணீர் வைத்திருந்த கர்நாடகப் பையன்கள் கை தட்டி, உற்சாகமாக, "பன்னி ஸார், பன்னி! பன்னி!" என்று கத்தினார்கள். கோஷ்டிக்குப் புதிதாக வந்த திருவண்ணாமலைக்காரர் ஒருவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "நானே மூச்சு வாங்கிட்டு வரேன், என்னைப் பார்த்து பன்னின்னு சொல்றான்யா!" என்று சண்டைக்குத் திரும்பிவிட்டார். கன்னடத்தில் 'வாங்க'வுக்கு அதுதான் மரியாதையான வார்த்தை என்று புரியவைப்பதற்குள் எங்களுக்கு நாலு நிமிஷம் போயிற்று. தெலுங்குப் பையன்கள் நின்றிருந்தால் இன்னும் விசேஷம். 'வாங்க வாங்க' என்று அவர்கள் மரியாதையாகச் சொல்வது, ஜார்க்கண்டிலிருந்து நம் ஃபாக்டரிக்கு வந்திருக்கும் ஹிந்திக்காரர் காதில் என்னவாக விழும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

பெரிய ரேஸ்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பெங்களூரில் 2008-லிருந்து நடக்கும் உலக பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. கென்யாக்காரர்களும் எதியோப்பியாக்காரர்களும் முன்னால் பறக்க, பின்னால் ஆயிரக்கணக்கில் நம்மவர்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அங்கே நான் என்பது ஒரு நம்பர். நெஞ்சில் நாலு ஊக்கு குத்திய நம்பர். எனக்குப் பிடித்தது சின்ன ரேஸ்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, மைக் டெஸ்டிங் சொல்லி, சீஃப் கெஸ்ட் லேட்டாக வந்து, கொடி அசைப்பதற்குள் முன்வரிசை ஓடிவிடுகிற ரேஸ்கள்.

ஆரோவில் மாரத்தான் தெரியுமோ? 2008-லிருந்து பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே. காலில் கட்டும் சிப் கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. சும்மா ஓடு, சந்தோஷமாக ஓடு என்று விட்டுவிடுகிறார்கள். லேத் பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பரிசே இல்லையா? அப்ப நம்ம எல்லாரும் அங்க முதல் இடம்தான்!" என்றார்.

அவர் தமாஷாகச் சொன்னாலும் அதில் ஒரு தகராறு ஒளிந்திருக்கிறது. கோஷ்டியில் இது அடிக்கடி வெடிக்கும். சேர்ந்து ஓடுவதா, அவனவன் வேகத்துக்கு ஓடுவதா? 'கூட வந்தவனை விட்டுட்டு ஓடறது என்ன மனுஷத்தனம்?' என்பது டூல் ரூம் அண்ணன் கட்சி. 'ஓடறதுக்குத்தானேய்யா வந்தோம், கல்யாண ஊர்வலமா?' என்பது லேத் பட்டறை கட்சி. ஆபீஸில் அப்ரைசல் சமயத்தில் நடக்கிற அதே சண்டைதான், டிராயரில் நடக்கிறது.

சரித்திரம் யார் பக்கம்? 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ். இத்தாலிக்காரர் டொராண்டோ பியெட்ரி, மாரத்தானில் முதல் ஆளாக ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார். நுழைந்ததும் எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை. தப்பான திசையில் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்த்துக்கொண்டிருக்க மனசு வராத அதிகாரிகள் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். விளைவு? உதவி வாங்கினார் என்று தகுதி நீக்கம். தங்கம், பின்னால் வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்கு. மனசு கேட்காமல் அலெக்ஸாண்ட்ரா ராணி மறுநாள் இவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். இன்றைக்கு ஹேய்ஸ் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 42.195 கிலோமீட்டர் என்ற அந்த விநோதமான தூரமும் அந்த ரேஸில் வந்ததுதான். பிற்பாடு 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

ஆக, கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஆனால் பக்கத்தில் ஓடலாம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் ஓடி முடித்தாரே (3 நிமிஷம் 59.4 செகண்ட்), அவர் தனியாகவா ஓடினார்? முதல் பாதிக்கு மேல் முன்னால் ஓடி இழுத்துக்கொண்டு போனவர் கிறிஸ் பிராஷர். அப்புறம் கிறிஸ் சாட்டவே. கடைசித் துண்டுதான் பானிஸ்டரின் சொந்தக் கணக்கு. அந்த பிராஷரே சேர்ந்து ஆரம்பித்ததுதான் லண்டன் மாரத்தான். 1981-ல் அதன் முதல் ஓட்டத்தில் என்ன நடந்தது தெரியுமோ? அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் இங்கே சைமன்ஸனும் கடைசியில் கையைக் கோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினார்கள். 2 மணி 11 நிமிஷம் 48 செகண்ட். இரண்டு பேரும் முதல். டூல் ரூம் அண்ணன் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து லேத் பட்டறையைப் பார்க்கும்போதெல்லாம் கையை நீட்டுகிறார். அவர் பிடிப்பதில்லை.

2019-ல் வியன்னாவில் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 செகண்டில் ஓடியபோது முறை வைத்துக்கொண்டு கூட ஓடியவர்கள் 41 பேர். ஒவ்வொருவரும் உலகத் தரம். அத்தனை பேர் மாறி மாறிக் காற்றை மறைத்துக்கொண்டு போனதால்தான் அது ரிக்கார்டு புத்தகத்தில் ஏறவில்லை. ஏறாவிட்டால் என்ன ஸார், ஒரு ஆள் ஓட 41 பேர் வேண்டியிருந்தது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கு ஏழு பேர் போதுமாயிருக்கிறது.

இப்போது அப்ரண்டிஸ் தம்பி விஷயம்.

அவன் பத்து கிலோமீட்டரை 38 நிமிஷத்தில் ஓடுகிறவன். எங்களோடு சேர்ந்தபோது காலில் போட்டிருந்தது பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ். கட்டைவிரல் வெளியே வந்து எங்களுக்கு வணக்கம் சொல்லும். நல்ல ஓட்ட ஷூ ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது சிரமம். அதுவும் 500 அல்லது 800 கிலோமீட்டரில் அடிப்பாகம் செத்துவிடும். ஸ்டைபண்டில் ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்புவது போக மிச்சம் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். மிச்சம் என்று ஒரு கட்டம் போட்டதே வீண்.

சும்மா வாங்கிக் கொடுத்தால் வாங்கமாட்டான். ரோஷக்காரன். அப்போதுதான் லேத் பட்டறை ஒரு யோசனை சொன்னார். "சீட்டு போடுவோம்யா. நகைக்குச் சீட்டு இருக்கு, தீபாவளிக்குச் சீட்டு இருக்கு, ஷூவுக்கு ஏன் கூடாது?" போட்டோம். பத்து தலை, மாசம் ஐந்நூறு, பத்து மாசம். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, குலுக்கல் மட்டும். மாசா மாசம் ஒருவருக்கு ஐயாயிரம், ஷூவாக மட்டுமே தரப்படும், பணமாகத் தரமாட்டோம். (பணமாகத் தந்தால் அது கேஸ் சிலிண்டராக மாறிவிடும் என்பது குடும்பஸ்தர்களின் அனுபவம்.) முதல் குலுக்கலில் தம்பி பெயர் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால் பத்துச் சீட்டிலும் அவன் பெயர்தான் எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். நோட்டு என் கையில் இருந்தாலும் சீட்டு எழுதியது நானில்லை. தணிக்கைக் குறிப்பு ஏதும் இல்லாமல் அந்த மாதக் கணக்கு பாஸாயிற்று.

இதுவரை தமாஷாக எழுதினேன். ரோஜா அண்ணன் விஷயத்தை அப்படி எழுத முடியாது.

ரோஜா அண்ணன் ஒரு ரேடியோ. ஸ்டார்ட் பண்ணினால் நிறுத்தவே முடியாது. வேலன்டைன்ஸ் டேவுக்கு ஒரு கட்டு பூ என்ன விலை போயிற்று, குளிர்சாதன லாரி எப்படி ஏர்போர்ட் போகும் வழியில் ட்ராபிக்கில் நின்றது, மருமகன் எப்படிப்பட்டவர், மழை எப்போது வரும், எல்லாம் ஓடிக்கொண்டே பேசுவார். நாங்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பேச்சுக்கு ஒரு மருத்துவப் பயன் இருக்கிறது. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அப்படியானால் உன் வேகம் சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். பயிற்சியாளர்கள், டாக்டர்கள் எல்லாரும் சொல்லும் சாதாரண டெஸ்டுதான், பைசா செலவு கிடையாது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பழக்க ஓட்டம், நிதான வேகம். நாலாவது கிலோமீட்டரில் டூல் ரூம் அண்ணன் சட்டென்று நின்றார். "ரேடியோ நின்னுடுச்சு" என்றார். திரும்பிப் பார்த்தோம். ரோஜா அண்ணன் ஓடிக்கொண்டுதான் இருந்தார். வேகம் குறையவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு மட்டும் இல்லை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லப்பா. கேஸு. நேத்து ராத்திரி பரோட்டா."

"எங்க வலிக்குது?"

"தாடைல லேசா. பல்லு வலியா இருக்கும்."

பரோட்டாவுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? டூல் ரூமில் பத்து மைக்ரான் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு அது இடித்தது. 'நடந்து வீட்டுக்குப் போயிடறேன்' என்றவரை உட்காரவைத்தார். காஷியர் ஸார் ரோட்டில் வந்த காரை கையை விரித்து மறித்தார். வாழ்க்கையில் யாருக்கும் வழி மறிக்காத மனுஷர் அவர். இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் எங்களைப் பார்த்து, "நடக்கவிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டினார். அன்று மாலையே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

அவர் தனியாக ஓடியிருந்தால் அந்தப் 'பல்வலி'யோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓடும் இளவட்டங்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் ரேஸுக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதை எங்கள் கோஷ்டி அதற்கப்புறம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ரிப்போர்ட்டுகளை ஃபைல் போட்டு வைத்திருப்பது யார்? பி.காம்.தான்.

ரோஜா அண்ணன் இப்போது ஓடுவதில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நடக்கிறார். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்ததே, 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று, அதைப்பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார். ரேஸ் நாட்களில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒன்றில் மோர், ஒன்றில் உப்பு சர்க்கரைத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. வங்கதேசப் போரின்போது 1971-ல் பொங்காவ் அகதி முகாமில் காலரா வந்தவர்களுக்கு ஸலைன் பாட்டில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார். அந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைதான் ரோஜா அண்ணனின் பச்சை கேன்.

அதையும் அளவோடுதான் தருவார். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து ஸார். 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவிகிதம் பேருக்கு உப்பு அளவு இருக்கவேண்டியதற்குக் கீழே போயிருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடித்து, ஓடி முடிக்கும்போது எடை கூடிப்போனவர்கள் அதில் அதிகம். இதைச் சொன்னதும் காஷியர் ஸார் பயந்துவிட்டார். ஏனென்றால் மெதுவாக ஓடுவதில் எங்கள் மாவட்டத்திலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

காஷியர் ஸாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. டாக்டரைக் கேட்டுத்தான் ஓடுகிறார். பாக்கெட்டில் எப்போதும் நாலு க்ளூகோஸ் பிஸ்கட். பத்து கிலோமீட்டருக்கு அவர் எடுக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணிக்கு மேல். ஓடுவாரா என்றால் ஓடுவார், நடப்பாரா என்றால் நடப்பார், இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்வார், அதற்குப் பெயர் இல்லை. கூட்டிப் பெருக்கும் அக்காக்கள் அவருக்குப் பின்னால் ரோட்டைப் பெருக்கிக்கொண்டே வந்து, சில சமயம் அவரை முந்திவிடுவார்கள்.

இங்கேதான் நம் ஊர்ச் சின்ன ரேஸ்களோடு எனக்குள்ள வழக்கு. காலை எட்டு மணிக்கு சீஃப் கெஸ்ட் கிளம்பிவிடுவார். அவர் போனதும் ஷாமியானாக்காரர் கயிற்றை அவிழ்ப்பார். காற்றடித்த வளைவின் மோட்டாரை நிறுத்துவார்கள். அது புஸ்ஸென்று படுத்துக்கொள்ளும். மெடல் பெட்டி வேனில் ஏறிவிடும். ரோட்டில் இன்னும் இருபது பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், முதல் ஆள் கட்டின அதே பணத்தைக் கட்டிவிட்டு!

லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் 13 பேரோடு ஒரு சனிக்கிழமை ஓட்டம் ஆரம்பித்தது. பால் சின்டன்-ஹெவிட் என்பவர் ஆரம்பித்தார். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. இன்று பல தேசங்களில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. பார்க்ரன் என்று பெயர். அதில் ஒரு நல்ல ஏற்பாடு. தொண்டர்களில் ஒருவருக்கு வேலையே, எல்லாருக்கும் பின்னால் கடைசியாக வருவது. ஆகவே ஓட வந்தவர் யாரும் எந்த வாரமும் கடைசி இல்லை. கடைசி இடம் ரிஸர்வ்டு!

தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் நடுவே 1921-லிருந்து காம்ரேட்ஸ் ஓட்டம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மலைப் பாதை, கெடு 12 மணி நேரம். கெடு முடிகிற கணத்தில் ஒருவர், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு துப்பாக்கியால் சுடுவார். ஒரு அடி முன்னால் இருந்தாலும் சரி, கதவு சாத்தியாயிற்று. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று முதுகு! அந்தத் துப்பாக்கிக்குப் பயந்தே அங்கே 'பஸ்' ஓடுகிறது. அனுபவஸ்தர் ஒருவர் டிரைவர். கையில் இலக்கு நேரம் எழுதிய கொடி. அவர் பின்னால் நூற்றுக்கணக்கில் கும்பல். எங்கே ஓட வேண்டும், எங்கே நடக்க வேண்டும் என்று டிரைவர் சொல்வார். பாட்டு உண்டு. 12 மணிக் கெடுவுக்குள் கடைசியாக வந்து சேரும் பஸ்ஸுக்குத்தான் ஸ்டேடியத்தில் கூச்சல் அதிகம்.

1980-லிருந்து அசோக் லேலண்டு லாரி கட்டுகிற ஊரில் ஒரு பஸ் விடமுடியாதா என்ன? கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ரேஸ். மூன்றாம் பரிசு மூவாயிரம் ரூபாய், தம்பி அதைக் குறிவைத்திருந்தான். லேத் பட்டறை அண்ணன் சொன்னார்: "நீ யாருக்கும் நிக்காத. நான் ஏழு கிலோமீட்டர் வரைக்கும் உன் முன்னாடி ஓடறேன். என் வேலை அவ்வளவுதான்." சொன்னபடி ஏழில் மாமரத்தடியில் நாக்கைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி திரும்பிப் பார்த்திருக்கிறான். "பார்க்காதடா, ஓடுடா!" என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னதாகக் கேள்வி. தம்பி மூன்றாவது.

நாங்கள் அவரவர் சக்திப்படி முடித்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டு, திரும்பி நடந்தோம். எட்டாவது கிலோமீட்டரில் காஷியர் ஸார். முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை, வெயில் மட்டும். டூல் ரூம் அண்ணன் டிரைவர். "அந்த புளிய மரம் வரைக்கும் ஓடறோம், அப்புறம் பெட்டிக்கடை வரைக்கும் நடக்கறோம்." ஏழு பேர் அவரைச் சுற்றி, கையைத் தொடாமல், மெடல் போட்ட தம்பி உள்பட. ரோஜா அண்ணன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கூடவே, பேசிக்கொண்டே. முனையில் திரும்பியபோது வளைவு படுத்துக்கிடந்தது. மெடல் வேன் போயே போய்விட்டது. ஷாமியானாக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கயித்தை ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று தம்பி முன்னால் ஓடினான். ஷாமியானாக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முனையை அவனிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார். பெருக்கிக்கொண்டிருந்த அக்காக்கள் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்கள்.

காஷியர் ஸார் நெஞ்சால் கயிற்றைத் தள்ளினார். நின்றார். முதல் காரியமாகக் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். டைட்டன். ஓசூர் சரக்கு.

"ஒண்ணு நாப்பத்தி மூணு" என்றார். "போன தடவை ஒண்ணு நாப்பத்தி ஒம்பது. நோட்டுல எழுதுங்க ஸார்."

எழுதினேன்.